எண்ணெய்க் கை

ஆனி கடைசி வெள்ளி, தென்காசி.

குற்றாலத்தில் இன்று குளிக்கலாமா என்று காட்டும் என் செயலியில், முருகையா அண்ணாச்சி காலையில் ‘தடை’ என்று பதிந்துவிட்டார். அருவியில் தண்ணீர் அளவாகத்தான் விழுந்தது; குளிக்கத் தடை எதுவும் இல்லை. செயலியைப் பார்த்து இரண்டு வேன்கள் பாதி வழியில் திரும்பிவிட்டன. வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். நானும் கடுமையாக ஒரு வரி போட்டேன்.

அவர் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். மதியம் குழுவில் அவர் குரல் பதிவு வந்தது.

“குளிக்கலாம்னுதான் தொட்டேம்மா. எண்ணெக் கைல்லா, வழுக்கிக் கீழ உள்ள பட்டன்ல போயிட்டு. ஆள் வராட்டா எனக்குத்தான நட்டம்.”

அதைக் கேட்டு, குழுவில் இருந்த, யாரென்றே தெரியாத ஒரு கோயம்புத்தூர்ப் பெண், யாரும் திருத்தலாம் என்று நான் பொதுவில் வைத்திருக்கும் செயலியின் நிரலில் சாயங்காலத்துக்குள் பட்டன்களைப் பெரிதாக்கி, தள்ளித்தள்ளி வைத்து அனுப்பிவிட்டாள். செயலியை உருவாக்கியவர்கள் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வராமல், அண்ணாச்சி பெயரையும் சேர்த்தேன்.

“நான் என்னம்மா செஞ்சேன்? தப்பால்லா அமுக்கினேன்” என்கிறார்.

கட்டைவிரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பழைய ‘குளிக்கலாம்’ பட்டனை அழுத்திப் பார்த்தேன். மூன்று தடவையும் தடைதான். கை கழுவியும் பிசுக்கு முழுதாகப் போகவில்லை. இந்த டைரிப் பக்கத்தின் ஓரத்திலும் பட்டுவிட்டது. இருக்கட்டும்.