செத்த நாய்களிலிருந்து இறங்கிய உண்ணிகள்

என் உசுரான சுகந்தி அக்காவுக்கு,

குளியலறையில் ஒளிந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அம்மா கண்ணயர்ந்துவிட்டாள். அப்பா காய்ச்சலில் உன் பெயரைச் சொல்லிப் பிதற்றுகிறார்.

நீ ஆராய்ச்சிக்காரர்களோடு தெருத்தெருவாகப் போய், நாய்களின் காதிலிருந்து உண்ணி எடுத்துச் சின்னக் குப்பிகளில் போட்டாயே, உன்னைக் கொன்ற காய்ச்சலின் கிருமி அவற்றில்தான் இருந்ததாம். உன் காரியம் முடிந்தபின் அவர்களே வந்து சொன்னார்கள். நாய்களுக்கு மருந்து அடிக்கிறோம், அதுவரை யாரும் தொட வேண்டாம் என்றும் சொன்னார்கள். அந்தப் பாதியை அப்பா கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே திராட்சைத் தோட்டத்திலிருந்து இரும்புக் குழாயோடு வந்தார். முதலில் நம் கருப்பன். வாலை ஆட்டிக்கொண்டுதான் அவரிடம் போனது அக்கா. ஒரே அடியில் சாகவில்லை. பிறகு தெருவில் ஐந்து. "எம்மகளக் கொன்னுப்புட்டிகளே!" என்று அழுதுகொண்டே மண்டை மண்டையாக அடித்தார். தடுக்கப் போன அம்மாவின் மேலும் குழாய் விழுந்தது. இன்னும் அவளால் இடது கையைத் தூக்க முடியவில்லை.

இரவெல்லாம் வாசலிலும் தெருவிலும் கிடந்த நாய்களின் உடல்களைக் காலையில் தோளில் போட்டு ஓடைக்குக் கொண்டுபோனார். உடம்பு செத்துச் சில்லிட்டால் உண்ணி அதில் தங்காது, அடுத்த சூட்டைத் தேடி நடக்கும் என்று நீதானே சொன்னாய்? அவர் கழுத்தில் ஒன்று ஏறுவதைப் பார்த்தேன். அடி விழுமென்று பயந்து சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஒரு வாரத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்தது. நேற்று கம்பம் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் கேட்டார், "நாய் கீய் வளக்கிறீகளா? உண்ணி எதுவும் கடிச்சுச்சா?"

"எங்க வீட்ல ஒரு கோழிகூடக் கெடையாது சார்" என்றார் அப்பா.

நாய்களைக் கொன்றது யாரென்று போலீஸ் விசாரித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அந்தப் பொய். திரும்பும்போது டவுன் பஸ்ஸிலேயே என் கையை முறுக்கினார்.

"ஏ கழுத, வாயத் தொறந்தேன்னு வையி, நாய்க்கு விழுந்ததுதேன் ஒனக்கும்."

"அக்காவுக்கும் இப்பிடித்தேன் ஆரம்பிச்சுச்சுப்பா."

"அவ பூஞ்ச ஒடம்பு. எனக்கு என்னாகப் போகுது? பேசாம வாடி."

நேற்று இல்லாத சிவப்புப் புள்ளிகள் இன்று அவர் உள்ளங்கையில் இருக்கின்றன. உனக்கு இருந்த அதே புள்ளிகள். உனக்கு நோய் இன்னதென்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதே அக்கா.

ஒன்று சொல்கிறேன், என்னை வெறுக்காதே. நான் சும்மா இருந்துவிட்டால் இந்த வீட்டில் இனி யாருக்கும் அடி விழாது என்று நினைத்தேன். ஒரு நிமிஷம்தான். நீயாக இருந்தால் அப்படி நினைத்திருப்பாயா?

விடிந்ததும் முதல் பஸ்ஸில் அவரைக் கூட்டிப் போகிறோம். இந்த முறை டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன். ஆறு நாய்களையும், அப்பா கழுத்தில் ஏறிய உண்ணியையும் அப்பா முன்னாலேயே சொல்லிவிடுவேன். உன்மேல் சத்தியம். அப்பா பிழைத்து எழுந்து வந்து என்னை அடிக்கட்டும் அக்கா. எழுந்து வந்து அடிக்கட்டும்.

உன் கூடப் பிறந்த
பிரியா