நான்காம் லெம்மாவில் ஒரு வட்டம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. இரண்டு சட்டை மின்விசிறிக்குக் கீழே. ஜன்னலைச் சாத்தினாலும் மோனோரயில் சத்தம் உள்ளே வந்துவிடுகிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து ஏழு வருடம், இன்னும் பழகவில்லை.

இன்று:
பல் டாக்டர் (தள்ளிப் போட்டாயிற்று).
விடைத்தாள் 41.
பழைய கட்டுரையை வகுப்புக்கு ஸ்லைடாக மாற்றுவது.

மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன். நானும் சிவாவும் ஐந்து வருடத்துக்கு முன் சேர்ந்து எழுதியது. எங்கள் இரண்டு பெயரும் போட்டு அச்சான ஒரே கட்டுரை. மாணவர்களுக்குப் புரியட்டும் என்று லெம்மா 4-ஐ, அதாவது நான்காம் துணைத் தேற்றத்தை, வரி வரியாக விரித்தேன். நான்காம் வரியில் கட்.

மறுபடி பார்த்தேன். கட்தான்.

நடுவில் ஒரு கூற்றை வைத்து இரண்டு நிரூபணங்களை ஒட்டும் விதிக்குத்தான் கட் என்று பெயர். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. சுற்றாமல் நேராகவே தொடலாம், அந்த விதியே வேண்டாம் என்பதுதான் கட்டுரையின் மொத்தச் செய்தி. அதைக் காட்ட லெம்மா 7 வேண்டும். லெம்மா 7-க்கு லெம்மா 4. லெம்மா 4-க்கு? கட். புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கிறோம். வேறு எந்தக் கணக்குக்காரரும் அந்த விதியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். நாங்கள் மட்டும்தான் கூடாது. நாங்கள்தான் பயன்படுத்தியிருக்கிறோம்.

இதையெல்லாம் டைரிக்கு எதற்கு விளக்குகிறேன்? கேட்க ஆளில்லை, அதனால்தான்.

ஜூலை 9, புதன்

வெயில். ஒன்பது மணி வகுப்பு. வந்தவர்கள் 23, ஃபோனில் இருந்தவர்கள் 11.

யார் எழுதிய லெம்மா அது? 1 முதல் 4 வரை சிவா, மீதி நான். அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலையில் வருத்தமாக இருந்தது, மத்தியானம் கோபமாகிவிட்டது. இவ்வளவு அடிப்படையான தப்பு! பிறகு அவன் பாட்டுக்கு ஆராய்ச்சியை விட்டுவிட்டு பேங்க் வேலைக்குப் போய்விட்டான். நான் இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்குவது பற்றிக் கல்லூரியில் கூடிப் பேசுகிறார்கள். விண்ணப்பத்தில் முதல் வரியே இந்தக் கட்டுரை. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அதை முழுதாகப் படித்தவர்கள் உலகத்தில் மூன்று பேர் இருக்கலாம். அதில் இரண்டு பேர் எழுதியவர்கள்.

மத்தியானம் இலைச் சாப்பாட்டுக் கடை. கல்லாவில் இருப்பவர், "தனியாவாக்கா? அந்த சின்ன மேசைக்கு போயிடுங்க." தினமும் தனியாகத்தான் போகிறேன். தினமும் கேட்கிறார்.

சிவாவுக்கு மெசேஜ்: "பார்க்கணும். லெம்மா 4." இரண்டே நிமிடத்தில் பதில்: "வெள்ளி 1 மணி, சுபாங் ஜெயா." என்ன விஷயம் என்று கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

சுபாங் ஜெயா ஃபுட் கோர்ட். சிவாவுக்கு முன்பக்கம் முடி கொட்டிவிட்டது. கழுத்தில் பேங்க் அட்டை. ஐஸ் போட்ட தே ஓ, பாலில்லாத டீ, இரண்டும் சுடச்சுட நூடுல்ஸும் சொன்னான். எனக்கு எது பிடிக்கும் என்று மறக்கவில்லை.

டிஷ்யூவில் நிரூபண மரத்தை வரைந்தேன். எங்கள் மரம் கீழிருந்து மேலே வளரும், முடிவு அடியில், ஆரம்பம் உச்சியில். மூன்றாம் கோடு போடும்போதே, "கட்" என்றான்.

"நீ பாத்திருக்கணும் சிவா. உன் பார்ட் இது."

ஐஸைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "சரி. என் மேல போடு. ஜர்னலுக்குப் போடற லெட்டர்ல எழுதிடு, சிவா பண்ண மிஸ்டேக்னு. நான் இப்ப பேங்க் ஆளு, எனக்கு என்ன ஆகப் போகுது லா. உனக்குதான் வேலை கன்ஃபர்ம் ஆகணும்."

"உனக்கு கோவமே வரலையா?"

"சாப்பிடு. ஆறிடும்."

பக்கத்து மேசையில் இரண்டு ஆன்டிகள்: "அந்த வீட்ட பாத்தியா? ரூம் எல்லாம் சின்னது, கார் பார்க் மட்டும் பெருசு." சிவா சிரித்தான். நானும். மூன்று மாதத்தில் இன்றுதான் ஒருவருடன் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ரயிலில் வரும்போது நிம்மதியாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதிவைக்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

கிள்ளான். அண்ணன் வீடு. என் பழைய நோட்டுகள் அங்கேதான் ஸ்டோர் ரூமில், மூன்று பெட்டி. லெம்மா 4 எழுதிய தேதியைக் கடிதத்தில் போட வேண்டுமே என்று தேடப் போனேன்.

அண்ணி வாசலில் நின்று, "என்ன வாணி தேடுற? மாஸ்க் போடு, தூசி."

"சிவா அத என்னிக்கு எழுதினான்னு பாக்கணும் அண்ணி."

"கேட்டா சொல்ல மாட்டாரா அவரு?"

இரண்டாம் பெட்டி, நீல அட்டை நோட்டு. லெம்மா 4. பச்சை மை. பச்சை மையில் எழுதுபவள் நான்தான். என் கையெழுத்து, என் அடித்தல், என் அவசரம். நான்காம் வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் சிவா: "இங்க கட் வருதே, பரவாயில்லையா?" அதற்குக் கீழே பச்சையில்: "சும்மா பயப்படாத. மேல போ."

அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. முகம் எரிந்தது. வெள்ளிக்கிழமை அந்த மேசையில் இது அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் "என் மேல போடு" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

கோழி வறுவல், ரசம். அண்ணன் டயர் மாற்றிய கதையை இரண்டு தடவை சொன்னான். "ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்று அண்ணி கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சொன்னால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

திரும்பும் ரயில் சுபாங் ஜெயாவில் நின்றது. இறங்கலாம் என்று எழுந்தேன். கதவு மூடிவிட்டது. மூடட்டும் என்றுதான் மெதுவாக எழுந்தேன்.

ஜூலை 14, திங்கள்

மத்தியானம் ஃபோன் செய்தேன்.

"நோட்ட பாத்தேன்."

அவன் பக்கம் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் சொல்லல?"

"கேட்டேனே. மேல போன்னு சொன்ன."

"அப்ப இல்ல. வெள்ளிக்கிழமை."

"நீ அவ்ளோ நிச்சயமா பேசின வாணி. எப்பவுமே அப்படித்தான். ரெண்டு வருஷம் உன் பக்கத்துல உக்காந்து, என் கண்ணு பாக்கறதே தப்போன்னு ஆயிடுச்சு எனக்கு. அதான் பேங்க்."

ஸாரி என்றேன். மீட்டிங் இருக்கு என்றான்.

அவனுக்குச் சம்பளம்தான் முக்கியம் என்று இத்தனை வருடம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

4.10-க்கு இதழாசிரியருக்குக் கடிதம் போய்விட்டது. ஆறு வரி. பிழை லெம்மா 4-இல். எழுதியவள் நான். கூட எழுதியவர் அன்றே கேட்டார், நான் தட்டிவிட்டேன். நகல் எங்கள் துறைத் தலைவருக்கு. அவர் அறைக்குக் கூப்பிட்டார். "இப்பவே சொல்லணுமா வாணி? மீட்டிங் முடிஞ்சு சொல்லியிருக்கலாமே." இப்பவே சொல்லணும் மேடம் என்றேன்.

ஜூலை 17, வியாழன்

மறுபடி மழை. குடையைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டேன்.

இதழாசிரியர் பதில். திருத்தினால் மறுபடி பார்க்கலாமாம்.

திருத்தம் வந்துவிட்டது! மூன்று நாள், A3 தாள் பதினான்கு. மரம் அகலமாகி, தாளைக் குறுக்கே திருப்பி, இரண்டைச் சேர்த்து ஒட்டி. சிக்கல் இந்தக் கட்டுரைக்காக நாங்களே உருவாக்கிய புதிய விதியில்தான். அதன் அடிவரியில் மிச்சக் கூற்றுகளுக்கும் இடம் விட்டு எழுதினால், கட் இல்லாமலே லெம்மா 4 மரத்தின் உயரத்தைப் படிப்படியாக ஏறிக் காட்டும் தொகுத்தறிதலில் நின்றுவிடுகிறது. வட்டம் அறுந்தது. எழுந்து சமையலறை வரை நடந்தேன், திரும்பி வந்தேன். சொல்ல ஒரே ஒருவன்.

படம் எடுத்து சிவாவுக்கு அனுப்பினேன். நீல டிக் உடனே. பதில் ஒரு மணி நேரம் கழித்து.

"ரெண்டு தடவ பாத்தேன். சரியா இருக்கு. ரொம்ப அழகா இருக்கு. என் பேர எடுத்துடு."

"ஏன்? முதல்ல கண்டுபிடிச்சதே நீதான்."

"கோவம் இல்ல. பேர் இருந்தா நீ மறுபடி கேப்ப. நான் மறுபடி உக்காந்துடுவேன். வேணாம் வாணி. நல்லா இரு."

என்னென்னவோ டைப் செய்தேன், அழித்தேன். "சரி" என்று மட்டும் அனுப்பினேன்.

பெயரை எடுத்தாயிற்று. கட்டுரை முழுக்க "நாங்கள் காட்டுகிறோம்", "நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்". தனியாக எழுதுபவர்களும் கணிதத்தில் அப்படித்தான் எழுதுவார்கள், விட்டுவிடலாம். யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். எண்ணிப் பார்த்தேன், அறுபத்திரண்டு இடம். இதுவரை ஒன்பதை "நான்" என்று மாற்றியிருக்கிறேன்.