பூர்ணாவின் துப்பாக்கிக்குப் புது அடாப்டர்

திருமுல்கேரி
புதன்கிழமை

அன்புள்ள பூர்ணாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம். உன் நலம் எப்படி என்று கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டிவரும், அந்தச் சிரமம் உனக்கு எதற்கு, நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். ஒன்பது நாளாக நான் போன் செய்தால் மணி அடித்து ஓய்கிறது, செய்தி அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. கனடாவில் ஒரு பெண்ணை இவ்வளவு வேலை வாங்குவார்கள் என்று தெரிந்திருந்தால் அனுப்பியே இருக்க மாட்டேன். அதனால்தான் கடிதம். சபீனா வெள்ளிக்கிழமை கால்கரிக்குத் திரும்புகிறாள். உன்னோடு காலேஜில் படித்தாள் என்ற ஒரே குற்றத்துக்காக இதையும் கூடவே ஒரு பொட்டலத்தையும் சுமந்து வருகிறாள். காகிதத்தில் டிக் விழாது, நீ படித்தது எனக்குத் தெரியவே தெரியாது, தைரியமாகப் படி.

அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கீழ்வீட்டு ஜனங்களுக்குத் தண்ணீர் மோட்டார் எப்போது போட வேண்டும் என்று வகுப்பு எடுக்கிறார், அவர்களும் தெலுங்கில் சிரித்துவிட்டுப் போகிறார்கள். உன் அறையில் நீ விட்டுப்போன, கம்ப்யூட்டர் சொன்னபடி உலோகம் செதுக்கும் சிஎன்சி மில்லிங் மிஷினும் சௌக்கியம். பொழுதுபோக்கு மிஷின் என்று சொல்லித்தானே வாங்கினாய், என் பொழுது அமோகமாகப் போகிறது. அலுமினியச் சீவல் அப்பாவின் தலையணை வரைக்கும் வந்துவிட்டது, ஒருநாள் அவர் ரசத்தில் மின்னியதைக் கறிவேப்பிலைக் காம்பு என்று சொல்லிச் சமாளித்தேன். நீ போன பிறகு பெயிண்ட் குண்டால் சுட்டு விளையாடும் உன் பெயிண்ட்பால் கூட்டாளிகளுக்கு ட்ரிக்கர், பிடி, குண்டு விழும் கழுத்து என்று ஏழெட்டு சாமான் செய்து கொடுத்தேன். சனத்நகர் ஃபேக்டரியில் இருபத்துநாலு வருஷம் அடுத்தவன் செய்த வால்வை அளந்து பார்த்தே காலம் தள்ளியவளுக்கு, தானே ஒரு சாமான் செய்து பார்க்கும் ஆசை ஐம்பத்தெட்டு வயதில் வந்தால் தப்பா. அளப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லாதே, அது கையோடு வந்த வியாதி.

இனி, நீ போனில் என்னைப் பேச விடாமல் கத்திய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேப்டன் கிரி வந்து, பழைய அடாப்டர் விரிசல் விட்டுவிட்டது, ஞாயிற்றுக்கிழமை போட்டி, புதிதாக ஒன்று வேண்டும் என்று நின்றான். அதுதான், துப்பாக்கியின் அடியில் காற்று பாட்டிலைத் திருகி மாட்டும் கட்டை. உன் கம்ப்யூட்டரில் நீ எழுதிவைத்த ப்ரோகிராம் இருந்தது. பெற்ற மகள் எழுதியது, அதில் தப்பு இருக்குமா என்று அப்படியே ஓட்டினேன். ஒன்று வெள்ளோட்டத்துக்கு, ஒன்று கிரிக்கு. அந்த மரையை அளக்கும் கேஜ் வீட்டில் இல்லை. பாட்டிலைத் திருகினேன், மாட்டியது, கொடுத்துவிட்டேன். அந்த ஒரு தடவை நான் இன்ஸ்பெக்டராக இல்லாமல் அம்மாவாக இருந்துவிட்டேன், அதற்கு உன்னிடம் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன், எழுதி வைத்துக்கொள், அடிக்கடி கிடைக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பழைய ஃபோர்மேன் ஜெகநாதன் கேஜைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒரு முனை மரைக்குள் போக வேண்டும், மறுமுனை போகவே கூடாது, போனால் மரை தொளதொள என்று அர்த்தம், உனக்கே தெரியும். வெள்ளோட்டக் கட்டையில் வைத்தேன். போகக் கூடாத முனை மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நேரே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கார் டயரில் முப்பது பவுண்டு காற்று என்றால் இந்தக் கட்டையில் எண்ணூறு, அதுவும் பாட்டிலைத் தோளில் சாய்த்துத்தான் சுடுகிறீர்கள். கிரிக்கு போன் செய்தேன். போட்டிக்கு முந்தின நாள் அவன் போனை எடுப்பதில்லையாம், கவனம் சிதறுமாம். உங்கள் கூட்டத்துக்கே போன் என்றால் ஆகாது போலிருக்கிறது.

ஞாயிறு காலை ஆட்டோ பிடித்து ஷாமீர்பேட் பக்கம் அந்த மைதானத்துக்குப் போனேன். ஆட்டோக்காரர் வழியெல்லாம், அம்மா இந்த வயசுல நீங்களும் சுடுவீங்களா என்று கேட்டுக்கொண்டே வந்தார். உள்ளே போனால் முகமூடி போட்ட முப்பது பேர், அதில் யார் கிரி என்று நான் எங்கே கண்டுபிடிக்க. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தான். விஷயத்தைச் சொன்னேன். "நக்கோ ஆன்ட்டி, வேண்டாம், இன்னும் பத்து நிமிஷத்துல மேட்ச். நேத்தே நூறு குண்டு சுட்டுப் பார்த்தாச்சு, சூப்பரா இருக்கு, முடிஞ்சதும் நானே கொண்டுவந்து தர்றேன்" என்றான். கழற்றிக் கொடு என்றேன். "பூர்ணா ப்ரோகிராம் ஆன்ட்டி அது, அவ தப்பு பண்ண மாட்டா" என்றான். பார், உன்மேல் எவ்வளவு நம்பிக்கை. நான் துப்பாக்கியை அவன் கையிலிருந்து வாங்கி, பாட்டிலைத் திருகிக் கழற்றி, எல்லோர் எதிரிலும் கேஜை வைத்துக் காட்டினேன். அங்கிருந்த யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் நடுவருக்குப் புரிந்தது. "ஹவ் ஆன்ட்டி, ஆமா, நீங்க சொல்றது சரிதான்" என்று அந்தத் துப்பாக்கியை ஓரம் கட்டினார். மாற்றுத் துப்பாக்கி யாரிடமும் இல்லை, ஓர் ஆள் குறைவாக ஆடினார்கள், தோற்றார்கள். மேலெல்லாம் ஆரஞ்சுப் பெயிண்டோடு அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு மட்டும் எண்ணூறு பவுண்டு இருக்கும். அவர்கள் உன்னிடம் சொல்ல, அதற்குப் பிறகுதான் உன் போன். உன் மானம் போயிற்று என்றாய், உலகம் முழுக்க உன் ஃபேக்டரி என்று நினைப்பா என்றாய், என் மிஷினைத் தொடாதே என்று வைத்துவிட்டாய்.

நீ கேட்காத மீதிக் கதை இது. மறுநாள் ஜெகநாதனின் பட்டறைக்குக் கிரியின் அந்தக் கட்டையைக் கொண்டுபோனேன். என் முகத்தில் கரி பூசலாம் என்ற ஆசையில் கிரியும் கூட வந்தான். காற்று அடைத்தால் ஆபத்து என்று தண்ணீரை அடைத்து அழுத்தம் ஏற்றினார்கள். எண்ணூறு வந்தது, நின்றது. கிரி என்னைப் பார்த்தான். பொய் சொல்லக் கூடாது, வீணாகப் பிள்ளைகள் ஆட்டத்தைக் கெடுத்தோமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. தொள்ளாயிரம், நின்றது. ஆயிரத்தைத் தொடும் முன் ஒரு சத்தம், மரை மொத்தமும் சீவிக்கொண்டு, பாட்டிலுக்குப் பதில் திருகியிருந்த அடைப்பு தெறித்து எதிர்த் தகட்டில் அடித்தது. தகட்டில் குழி. அந்தச் சாமான் இரண்டாயிரத்துக்கு மேல் தாங்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமையே தெறித்திருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, பத்தாவது ஞாயிற்றுக்கிழமையாகவும் இருந்திருக்கலாம். கிரி அந்தக் குழியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் தோளைத் தடவிக்கொண்டு, "ஆன்ட்டி, இதை வீட்ல சொல்லிடாதீங்க" என்றான். நான் உனக்கு மட்டும் சொல்கிறேன்.

பிறகு வீட்டுக்கு வந்து உன் ப்ரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். கட்டர் தேய்ந்திருந்ததால் அதன் விட்டத்தைக் குறைத்து எழுதியிருக்கிறாய், சரிதான், கெட்டிக்காரத்தனம். பிறகு புதுக் கட்டர் மாட்டினாய், அந்த அளவை மாற்றவில்லை. மரை பெரிதாக வெட்டியதற்கு அதுதான் காரணம். தப்பு யாருடையது என்று பேச இதை எழுதவில்லை. அந்தக் கோப்பில் ஒரு தேதி இருக்கிறது. நீ விமானம் ஏறுவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால். புதுக் கட்டரும் அன்றைக்குத்தான் வந்தது, டப்பா இன்னும் உன் மேஜையில் இருக்கிறது. அன்றைக்கே அதை மாட்டி நீ உனக்காக ஓர் அடாப்டர் செய்துகொண்டாய், நீல நிறம் ஏற்றி எனக்குக் காட்டினாய், நான் அழகாக இருக்கிறது என்று சொன்னேன், அளக்கவில்லை. அதைத்தான் நீ அங்கே மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆடுகிறாய். கிரியை விட்டுச் சொல்லச் சொன்னேன், அம்மா எப்பவும் இப்படித்தான் என்று சிரிக்கிற பொம்மைப் படம் ஒன்று அனுப்பினாயாம்.

பொட்டலத்தில் புது அடாப்டர் இருக்கிறது. அளவைத் திருத்தி வெட்டினேன், கேஜ் வைத்தேன், ஜெகநாதன் இரண்டாயிரத்து நானூறு வரை ஏற்றிக் காட்டினார், கசியக்கூட இல்லை. நீல நிறம் ஏற்ற எனக்குத் தெரியாது, வெள்ளையாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். பாட்டிலைக் கழற்றிக் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு மாற்று, அவசரத்தில் முகமூடி இல்லாமல் செய்யாதே. மிஷினை இனித் தொட வேண்டாம் என்றால் தொடவில்லை, துணி போட்டு மூடியிருக்கிறேன். என்மேல் கோபம் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும், அதற்கு நான் கேஜ் வைத்துப் பார்க்கப் போவதில்லை. நல்ல உடம்போடும் நல்ல புத்தியோடும் நீண்ட நாள் இரு, அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். நீ என்னோடு பேச வேண்டாம். பழையதைக் கழற்றிவிட்டு, மாட்டியாச்சு என்று ஒரே ஒரு வார்த்தை மட்டும் அனுப்பு. தெலுங்கில் அனுப்பினாலும் சரி, கீழ்வீட்டில் கேட்டுப் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு,
உன் அம்மா பகவதி