சில்லுக்குப் பூசிய சந்தனம்

ஜூலை 10, வியாழன்

புழுக்கம். நான் சமைக்கிற குழந்தைகள் காப்பகத்தில், இங்கத்தைய பேச்சில் கார்டெரியில், விசிறி வேலை செய்யவில்லை. குழந்தைகளுக்கு மக்ரோனி, எனக்கு வியர்வைக் குளியல்.

வாங்க: எலுமிச்சம்பழம், கற்பூரம், துளசியின் தோளுக்கு ஒட்டும் பட்டி.

பின்னேரம் புட்டுக்கு முன்னால் இருந்து மகள் துளசி பேச்சை எடுத்தாள். "அம்மா, சனிக்கிழமை நான் பைனலுக்கு வரேல்லை எண்டா சைக்கிளை விட்டிடுறன். செப்ரெம்பர் யூனிவர்சிற்றிக்குப் போறன். பைனலுக்கு வந்தா, யூனிவர்சிற்றியைப் பற்றி நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கக் கூடாது."

இவளின் அப்பாவும் நானும் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். சரி என்றோம். பிசியோதெரபி படிக்கக் கிடைத்த இடம். ஒரு வருடம் தள்ளிப் போட்டாயிற்று. இனியும் தள்ள விடமாட்டார்கள்.

பத்தொன்பது வயது. பி.எம்.எக்ஸ். சைக்கிள் ஓட்டத்தில் இவளுடைய முதல் தொழில்முறைப் போட்டி. இதுவரை ஓடியது தன் வயதுப் பிள்ளைகளோடு. இனி, இதுவே பிழைப்பாக ஓடுகிறவர்களோடு. போன வருடம் விழுந்து உடைந்த தோள் எலும்பில் இன்னும் தகடு இருக்கிறது.

சின்ன வயதிலிருந்து எல்லாப் போட்டிக்கும் போயிருக்கிறேன். ஒன்றையும் பார்த்ததில்லை. ஓட்டம் தொடங்கும் மேடையில் தடுப்பு விழும் சத்தம் கேட்டதும் கண்ணை மூடுவேன். அவர் "முடிஞ்சுது, திறவும்" என்றால் திறப்பேன்.

ஜூலை 11, வெள்ளி

கோயில். சைக்கிளுக்குப் பூசை. து. வெட்கத்தில் தலைக்கவசத்தைக் கழற்றவேயில்லை.

ஐயர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதென்ன பிள்ளை, இருக்கிற சீற் இவ்வளவு பதிஞ்சு கிடக்கு?"

"இருக்கிறேல்லை ஐயா. நிண்டுதான் ஓடுறது."

"முழுக்க நிண்டோ!" என்றவர் கைபிடியில் சந்தனம் குங்குமம் வைத்து, சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து உருட்டச் சொன்னார். ஒரு பழம் நசுங்கியது. மற்றது பார்க்கிங்கில் ஓடிப்போய் யாரோ ஒருவரின் வான் வண்டிக்குக் கீழே.

முருகனிடம் தனியாக நின்று கேட்டேன். ஒன்று, விழக் கூடாது. இரண்டு, அவள் பைனலுக்கு வரக் கூடாது. இரண்டும் தந்தால் இருபத்தொரு தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்த்தி. அவரிடம் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

வெயில்.

காலையில் து. பல் விளக்கும் நேரம் சைக்கிள் வாசலில் நின்றது. ஐயர் கைபிடியோடு விட்டுவிட்டாரே, ஓடுவது சில்லல்லவா என்று ஒரு எண்ணம். மிஞ்சிய சந்தனம் காய்ந்திருந்தது. விளக்கு எண்ணெயில் குழைத்து இரண்டு சில்லின் ரிம்மிலும் பூசினேன். வட்டமாக, வடிவாக, ஒரு இடமும் விடாமல். எனக்கே திருப்தி.

புரோசார்ட் ஊர் தாண்டி மைதானம். பயிற்சி ஓட்டம். வழக்கம்போலக் கண் மூடல். "முடிஞ்சுது" என்று அவர் சொல்லவில்லை. "ஐயோ" என்றார்.

முடிவுக் கோட்டைத் தாண்டியும் சைக்கிள் நிற்கவில்லை. நேரே போய்த் தடுப்பு மெத்தைக்குள். எழும்பினாள். தோளைத் தொட்டுப் பார்த்தாள். சரி என்று கை காட்டினாள்.

சைக்கிள் திருத்தும் லூக் குனிந்து ரிம்மை முகர்ந்தார். "சா சான் போன்!" என்றார். வாசமாம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிரேக் கட்டை வந்து பிடிப்பது அந்த ரிம்மில்தான்.

"அம்மா, என்ன பூசினனீங்கள்?"

"சந்தனம்."

"சந்தனம் மட்டுமோ?"

"கொஞ்சம் எண்ணெயும்."

திட்டுவாள் என்று நின்றேன். மெத்தையில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். லூக்குக்குப் பிரெஞ்சில் சொன்னாள், அவரும் சிரித்தார். இவளின் அப்பா மட்டும் "என்ன வேலை பாத்தனீர்!" என்றார். லூக் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். இனிப் பிடிக்கும் என்றார். அவர் சொன்னால் எனக்குப் போதுமா?

அரையிறுதி. எட்டுப் பேரில் முதல் நான்கு பேருக்குப் பைனல். கண்ணை மூட முடியவில்லை. பிரேக் பிடிக்கிறதா என்று நான் பார்க்காமல் யார் பார்ப்பது?

மேடையில் எட்டுப் பேரும் பெடலில் எழும்பி நிற்கிறார்கள். ஒரு கால்கூட நிலத்தில் இல்லை. விழாமல் எப்படி? இத்தனை வருடத்தில் இதைக்கூட நான் பார்க்கவில்லை.

தடுப்பு விழுந்தது. எல்லோரும் ஒன்றாய்ச் சரிவில். முதல் மேட்டில் எட்டுப் பேரும் நிலத்தை விட்டார்கள். அந்த நேரம் ஒரு சத்தமும் இல்லை. சில்லு சும்மா சுற்றுகிறது. என் பிள்ளை ஆகாயத்தில் நின்று தலையைத் திருப்பி, பக்கத்தில் வருகிறவளைப் பார்க்கிறாள். ஆறுதலாக, சந்தையில் மீன் பார்ப்பதுபோல. நாங்கள் கீழே மூச்சு விட நேரமில்லாமல் நிற்கிறோம், அவளுக்கு அங்கே நேரம் இருக்கிறது.

நான் பெற்ற பிள்ளையா இது? காலையில் சொக்ஸ் தேடி வீட்டைத் தலைகீழாக்கியவள்?

ஆறாவதாக வந்துகொண்டிருந்தாள். கடைசி வளைவு, சுவர்போல நிமிர்ந்த மண். முன்னால் போன இருவரும் மேலே ஏற, இவள் கீழால் புகுந்தாள். முழங்கை முழங்கையில் பட்டது. யாரோ "போ பிள்ளை! போ! விடாதை!" என்று கத்தினார்கள். தொண்டை கிழிகிற சத்தம். தமிழில் இங்கே யார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலாவது. பிரேக் பிடித்தது.

பைனலில் ஏழாவது. அதையும் பார்த்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

மத்தியானம் வரை து. நித்திரை. தோளில் ஐஸ் பை. காலில் நீலம், பச்சை, மஞ்சள் என்று எல்லா நிறமும். பக்கத்தில் இருந்து பார்த்தேன். தகடு போட்ட இடத்தைத் தொடப் பயம், தொடாமல் இருக்கவும் முடியவில்லை. அவ்வளவு சின்ன தோள்.

எழும்பியதும் யூனிவர்சிற்றிக்கு "வரவில்லை" என்று எழுதி அனுப்பினாள். சொன்ன சொல், நான் ஒன்றும் கதைக்கவில்லை. குசினிக்குள் போய் அழுதேன். கவலையா சந்தோசமா, தெரியவில்லை. இரண்டும்தான்.

வெங்காயம் முடிந்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

மழை. வேலை முடிந்து நேரே கோயில். இருபத்தொரு தேங்காய், இரண்டு பை. தூக்க அவரையும் கூட்டிப்போனேன். பாதியில் கை வலித்தது. "தாரும், நான் உடைக்கிறன்" என்றார், கொடுக்கவில்லை.

கடைசித் தேங்காயும் சிதறிய பிறகு கேட்டார்.

"என்ன நேர்த்தியப்பா? கேட்டது நடந்திட்டுதோ?"

"இல்லை. நடக்கேல்லை. அதுக்குத்தான்."