வேண்டாம் என்று சொன்ன வியாபாரி

மேட்டுப்பாளையம்
15.6.2026, திங்கட்கிழமை

அன்பு மகன் மதன்குமாருக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். பாக்கு மண்டி லெட்டர்பேடில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. போனிலேயே அனுப்பியிருக்கலாம்தான். நான் சொல்ல வந்தது கொஞ்சம் நீளம். அம்மா உனக்குத் தினமும் அனுப்பும் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் இதையும் போட மனம் வரவில்லை.

மலையில் மழை பிடித்துவிட்டது. பாக்கு வரத்து குறைவு, விலை பரவாயில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி முன்னைப் போலத்தான் இருக்கிறது, உன்னிடம் நன்றாகிவிட்டது என்று சொல்லியிருப்பாள். மஸ்கட்டில் வெயில் நாற்பத்தைந்து டிகிரி என்று டிவியில் காட்டினார்கள். உனக்குக் குடோனுக்குள்தான் வேலை என்று அம்மா சொல்கிறாள். உண்மைதானா?

போன மாதம் இருபதாம் தேதி காலை, மண்டியில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தோம். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாய், கோயமுத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி, மண்டி விலாசமும் போட்டிருந்த உன் பழைய விசிட்டிங் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு விசாரித்தபடி வந்தார். கார்டைப் பார்த்ததும் தராசை அப்படியே விட்டுவிட்டேன். நீ மஸ்கட் போன புதிதில், உன் கடையில் கிரிக்கெட் வீரர் படம் போட்ட அட்டைகளை வாங்கிச் சேர்த்து, விலை விழுந்து நஷ்டப்பட்ட இரண்டு பேர் இதே மண்டிக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். அம்மாவிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. இவர் மூன்றாவது ஆள் என்று நினைத்துக்கொண்டேன். வேலையாட்கள் காதில் விழ வேண்டாம் என்று உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தேன். நீ வெளிநாட்டில் இருக்கிறாய், எதுவானாலும் என்னிடம் சொல்லலாம் என்றேன்.

அவர் பையிலிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்துக் கொடுத்தார். பெயர் அப்துல் வஹீது. உக்கடத்தில் முப்பது வருஷம் பாத்திரக் கடை வைத்திருந்தவர். மகள் ஹிபா பிசியோதெரபி படித்து முடித்துக் குனியமுத்தூரில் சின்னதாக ஒரு கிளினிக் திறக்கிறாளாம். மதன்குமார் தம்பி அவசியம் வர வேண்டும், அதனால்தான் தபாலில் அனுப்பாமல் நேரில் வந்தேன் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் பையனை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். தம்பி உங்களிடம் சொல்லவே இல்லீங்களா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன சம்பவத்தை நீ மறந்திருக்கலாம். நான் கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

பாத்திரக் கடையை விற்றதில் வந்த பணத்தை ஹிபாவின் படிப்புக்கென்று வைத்திருந்திருக்கிறார். கிரிக்கெட் அட்டை வாங்கிப் போட்டால் ஒரே வருஷத்தில் இரண்டு மடங்காகும், படிப்போடு கல்யாணத்துக்கும் ஆகும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். வஹீது பாயும் அவர் சம்சாரம் சாஜிதா பேகமும் அந்தப் பணத்தோடு கிராஸ்கட் ரோட்டில் உன் கடைக்கு வந்தார்கள். பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்து நம்பர் போட்ட விலை உயர்ந்த அட்டைகள் அத்தனையும், நீ ஒட்டியிருந்த விலைக்கே, பேரம்கூடப் பேசாமல் கேட்டிருக்கிறார்கள்.

நீ அவர்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தாயாம். கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பி, வெளிநாட்டு ஏலத்தில் இரண்டு வாரமாக விலை சரிந்துகொண்டிருப்பதை ஒவ்வொன்றாகக் காட்டினாயாம். அன்று நீ சொன்ன வார்த்தையை வஹீது பாய் அப்படியே சொன்னார்.

"பாய், நான் ஒட்டியிருக்கறது போன மாச வெலைங்க. இது இனி எறங்கத்தான் போகுது. விக்கறவன் நானே சொல்றேன், புள்ளை படிப்புக்காசை இதுல போட்டுப்போடாதீங்க."

அவருக்குக் கோபம் வந்திருக்கிறது. ஆளைப் பார்த்து எடை போட்டு, இவரால் வாங்க முடியாது என்று நினைத்துவிட்டாய் என்று நினைத்தாராம். கொடுக்க இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு என்று கத்தியிருக்கிறார். நீ பதிலுக்குக் கோபப்படாமல், விசிட்டிங் கார்டின் பின்னால் விலை பார்க்கும் இணையப் பக்கத்தின் பெயரை எழுதிக் கொடுத்து, ஆறு மாதம் பார்த்துவிட்டு வாருங்கள், அப்போதும் வேண்டுமென்றால் தருகிறேன் என்றாயாம். ஹிபா மாதாமாதம் அதைப் பார்த்து அத்தாவிடம் சொல்லியிருக்கிறாள். ஆறு மாதத்தில் விலை பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. நன்றி சொல்ல அவர் மறுபடி வந்தபோது உன் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்திருக்கிறது.

மதன், அவர் முதலில் கடைக்கு வந்ததாகச் சொன்ன அந்த வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடையை விட்டுவிடப் போகிறேன் என்று நீ வீட்டுக்கு வந்து சொன்ன வாரம் அது. அந்த ஒரு விற்பனை நடந்திருந்தால் கடை பிழைத்திருக்கும். நீ போட்டதும் நான் போட்டதும் திரும்பி வந்திருக்கும். கையில் வந்ததை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு வந்து, என் முன்னால் நின்று நான் திட்டியதையெல்லாம் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டாய்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, எனக்கு அன்றைக்கே தெரியும் என்றாள். நான்கு வருஷத்துக்கு மேல் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீதான் சொல்லக் கூடாது என்றாயாம். ஏன் என்றேன். கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

"அப்பாகிட்டச் சொன்னா, வித்திருக்கோணும்னுதான் சொல்லுவாரு. அதைக் காதுல கேக்க எனக்கு முடியாதும்மான்னு சொன்னானுங்க."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ சொன்னது சரி என்பதால்தான். அன்று நீ என்னைக் கேட்டிருந்தால், விற்றிருக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். வாங்குகிறவன் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும் என்று இன்னும் நாலு வார்த்தை கூடச் சொல்லியிருப்பேன்.

வேங்கடசாமி கதையை நீ சின்ன வயதில் என் வாயால் பல தடவை கேட்டிருப்பாய். வெளிநாட்டுப் பாக்கு இறங்குகிறது, விலை விழப்போகிறது என்று காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது. பத்து மணிக்குத் தாராபுரத்திலிருந்து வேங்கடசாமி வந்தார். புதிதாகப் பாக்கு வியாபாரத்தில் இறங்கியவர், அவருக்குச் சேதி தெரியாது. நாற்பது மூட்டையை முந்தின நாள் விலைக்கே ஏற்றி அனுப்பினேன். சாயங்காலம் விலை பாதியாகிவிட்டது. மண்டியில் இதைச் சொல்லாத நாள் கிடையாது. எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஒரு விஷயத்தை மட்டும் சொன்னதில்லை. சில வருஷம் கழித்து அவரைத் தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். யாரோ ஒருவருடைய டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சௌக்கியங்களா, ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா என்று கேட்டார். டீக்குக் காசும் வாங்கவில்லை. பஸ் ஏறியவுடன் அதை மறந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மறந்தும் போயிருந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை கிளினிக் திறப்புவிழா. உனக்குப் பதிலாக நான் போனேன். கிளினிக் மாடியில், அம்மாவுக்கு அவ்வளவு படியேற முடியாது, அதனால் தனியாகத்தான். ஒரே ஒரு அறை, இரண்டு கட்டில், சுவரில் எலும்புப் படம். எல்லாம் பளிச்சென்று இருந்தது. சாஜிதா பேகம் முதல் வரிசையில் எனக்கு நாற்காலி போட்டு, வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கடைத் தம்பியின் அப்பா என்று அறிமுகம் செய்துவைத்தார்கள். ஐம்பது வருஷமாகப் பாக்கு மண்டிக் குமாரசாமி என்றுதான் எல்லோரும் என்னைச் சொல்வார்கள். உன்னைச் சொல்லி என்னை யாரும் அடையாளம் காட்டியதில்லை. எனக்கு அது புதிதாக இருந்தது, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஹிபா வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, "அண்ணன் அன்னைக்கு வேண்டாம்னு சொல்லலீன்னா இந்தக் கதவே இல்லீங்கப்பா" என்றாள். தோள்பட்டை வலிக்கிறது என்று ஏதோ உளறிவைத்தேன். உடனே கட்டிலில் உட்காரவைத்து என் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய முதல் நோயாளி நான்தான். தினமும் காலையில் பத்துத் தடவை கையைத் தூக்கி இறக்கச் சொல்லியிருக்கிறாள். இன்று செய்தேன். அம்மா பார்த்துச் சிரிக்கிறாள்.

நீ விற்காமல் வைத்த கிரிக்கெட் அட்டைகளின் பெட்டி பீரோவின் மேல் பத்திரமாக இருக்கிறது. பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்லி ஒரு தடவை நான் எடுத்துவைத்தேன், அம்மா தடுத்துவிட்டாள். நேற்று வந்ததும் இறக்கித் துடைத்தேன். வஹீது பாயின் கார்டில் நீ எழுதியிருந்த பக்கத்தை நானும் போனில் பார்த்தேன். ஒரு ஸ்கூட்டர் விலைக்குப் போன அட்டை இன்று இரண்டு பிரியாணி விலை. ஒரு சரக்கு விழுந்தால் எப்படி விழும் என்று எனக்குத் தெரியாததா? விழப்போகிறது என்று தெரிந்த பிறகும் அதை அடுத்தவர் தலையில் கட்டாமல், தன் தலையிலேயே விழட்டும் என்று நின்ற வியாபாரியை மட்டும் நான் பார்த்ததில்லை. எங்கள் மண்டித் தெருவில் அப்படி ஒருவர்கூட இல்லை, என்னையும் சேர்த்துத்தான்.

இதைத் தபாலில் சேர்க்கலாம் என்று கவர் வரைக்கும் எழுதிவிட்டேன். இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அதை முடித்துவிட்டு எழுதுகிறேன்.

22.6.2026, திங்கட்கிழமை

நேற்று ஈரோட்டில் உன் அத்தை மகள் பிரவீனாவின் குழந்தைக்குக் காதுகுத்து. அத்தையும் மயில்சாமி மாமாவும் ஊரையே கூட்டியிருந்தார்கள். பிரவீனாவின் கல்யாணத்துக்கு வந்த அதே சனம்தான்.

அந்தக் கல்யாணப் பந்தியில் நான் சொன்னதை நீயும் மறந்திருக்கமாட்டாய், நானும் மறக்கவில்லை. உன் பையன் கடை என்னாச்சு என்று மயில்சாமி மாமா கேட்டார். அவனுக்கு யாவாரம் பண்ணத் துப்பில்லை என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். நீ ரசம் ஊற்றிக்கொண்டு எனக்கு மூன்று இலை தள்ளி வந்துகொண்டிருந்தாய். வாளியை வீசிவிட்டுப் போவாய் என்று நினைத்தேன். என் இலைக்கும் ஊற்றி, கடைசி இலை வரைக்கும் ஊற்றி முடித்துவிட்டு, வாளியை இறக்கிவைத்துவிட்டு மண்டபத்தை விட்டுப் போனாய். இரண்டு மாதத்தில் மஸ்கட் போய்விட்டாய்.

நேற்றும் பந்தியில்தான் மாமா கேட்டார், மதன் எப்படி இருக்கிறான் என்று. நான் எழுந்து நின்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், எனக்கு ஏதோ விக்கிக்கொண்டது என்று தண்ணீர் நீட்டினார்கள்.

"மாப்பிள்ளை, என் பையனுக்கு யாவாரம் பண்ணத் துப்பில்லீன்னு முன்னால இதே சனத்துக்கு நடுவுல சொன்னனுங்க. அது தப்புங்க. அவன் பண்ணுன யாவாரத்தை நான் ஒரு நாளும் பண்ணுனதில்லீங்க" என்றேன்.

பிறகு வஹீது பாய் வந்ததிலிருந்து கிளினிக் வரைக்கும் சொன்னேன். வந்த விற்பனையை விட்டுவிட்டுக் கடையை மூடுவதா வியாபாரம் என்று யாரோ கேட்டார்கள், இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போது வேங்கடசாமி கதையையும் சொன்னேன், இந்தத் தடவை டீக்கடை வரைக்கும். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சொல்லி முடித்து உட்கார்ந்துவிட்டேன். மயில்சாமி மாமா என் இலையில் இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொன்னார். அம்மா பெண்கள் வரிசையில் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது மேட்டுப்பாளையம் வரும் வரைக்கும் என் கையை விடவில்லை. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் பஸ்ஸில் அவள் அப்படி உட்கார்ந்து வந்ததில்லை.

பிரவீனா உன் நம்பரை வாங்கிக்கொண்டாள். கூப்பிடுவாள், எடுத்துப் பேசு.

மஸ்கட் வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லமாட்டேன். அதைச் சொல்லும் உரிமையை நான் அந்தப் பந்தியிலேயே தொலைத்துவிட்டேன். லீவு கிடைக்கும்போது வந்தால் போதும். இரண்டு வருஷத்துக்கு முன் வந்து பத்து நாள் இருந்தாய், மோட்டார் போட்டாச்சா, பால்காரர் வந்தாரா என்பதைத் தவிர நாம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அந்த மாதிரி இன்னொரு பத்து நாள் வேண்டாம் மதன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வெயிலில் நிற்காதே. நீ எந்தத் தொழில் செய்தாலும் எந்த ஊரில் இருந்தாலும் நிமிர்ந்து நடக்கக் கூடியவன் என்று எனக்கு இப்போது தெரியும், நம் குலசாமி மலைக்குருந்தப் பெருமாளும் உனக்குத் துணையிருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அம்மாவிடம் பேசும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவதாக நினைத்துக்கொண்டிருப்பாய். நான் எங்கும் போவதில்லை. அடுத்த அறையில் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, போனை அப்பாவிடம் கொடு என்று அம்மாவிடம் சொல். என்ன பேசுவதென்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் கேள், கண்ணு.

உன் அப்பா,
குமாரசாமி