துடைத்து அனுப்பிய இலைகள்

செஞ்சி

அன்பு மகள் மணிமொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் சௌக்கியம், அந்தக் குளிரில் உன் உடம்பு கெடாமல் அங்காளம்மன் பார்த்துக்கொள்ள வேண்டும். போனில் பேசினால் உன் நைனா பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வார்த்தைக்கும் குறுக்கே பேசுவார், அதனால்தான் கடிதம்.

வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துவிட்டார்கள் என்று நீ சொன்னதும் அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேர்க்கடலை இலையின் படத்தைப் பார்த்து நோயா இல்லையா என்று சொல்லக் கம்ப்யூட்டருக்குப் பழக்குகிறாய், அதற்கு நம் நிலத்திலிருந்துதான் படம் போகிறது என்று உன் நைனா வல்லம் வரைக்கும் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்ப்யூட்டர் மண் தெறித்த நல்ல இலையையெல்லாம் நோய் என்கிறது, சரியாகாவிட்டால் வேலை போய்விடும் என்று நீ அழுதாயே, அன்றைக்கு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு நாள் நிலத்துக்குக் கஞ்சி கொண்டுபோனவள் பார்க்கிறேன், அந்த மனுஷன் ஈரத்துண்டால் ஒவ்வொரு இலையாகத் துடைத்துத் துடைத்துப் படமெடுக்கிறார். இன்னாய்யா இது என்றால், வெளிநாட்டு வாத்தியாருங்க பாக்கறது, அழுக்கா அனுப்பினா நம்ம பொண்ணு மானம் இன்னாவறது என்கிறார். பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டைக் கூட்டி வைக்கிற மாதிரி. புள்ளி விழுந்த இலைக்கும் அதே உபசாரம்தான். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை எனக்கு. உடனே உனக்குச் சொன்னேன், அழுக்கு இலைதாம்மா வேணும், மண்ணையே பாக்காததாலதான் அது மண்ணை நோய்ப்புள்ளிங்குது என்று நீ கத்தினாய். அப்புறம் மழை விட்டதும் சேறும் மண்ணுமாக நாங்கள் படமெடுத்து அனுப்பினோம், கம்ப்யூட்டர் இப்போது சரியாகச் சொல்கிறது என்று நல்ல சேதி வந்தது. உன் நைனாவோ கம்ப்யூட்டருக்குத்தான் புத்தி கம்மி என்கிறார்.

அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன், பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. அரிகிருஷ்ணன் மாமா பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு.

ஒன்று சொல்லவேண்டும். நீ அழுத அன்று, எல்லாத்தையும் உட்டுட்டு வந்துடுடி என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் நிஜமாகவே வந்துவிடுவாயே என்று பயந்து விழுங்கிவிட்டேன், ஸ்வெட்டர் போட்டாயா என்று பேச்சை மாற்றினேன். அம்மாவுக்கு மனசு கல் என்று நினைத்திருப்பாய். இப்போது வேலை நிலைத்துவிட்டது, இனி வா என்று கூப்பிட எனக்குப் பயமில்லை. நோய்நொடியில்லாமல் நன்றாக இரு, டிக்கெட் போட்டதும் சொல். பொங்கலுக்கு வந்துவிடு கண்ணு.

உன் அம்மா,
ஜெயசுதா