பினுவுக்கு அடித்த துக்க மணி

அன்புள்ள என் மச்சினன் ராசையனுக்கு,

உன் அத்தான் பொன்னையன் எழுதுகிறேன். ஆமாம், நானேதான். பக்கத்தில் யாரையும் உட்கார வைத்துச் சொல்லி எழுதவில்லை. போன வருசம் கோயிலை ஒட்டிய ஹாலில் வயதானவர்களுக்கு வகுப்பு ஆரம்பித்தார்கள். உன் அக்கா ரோஸ்லி சேர்ந்தாள், அவளுக்குத் துணையாக நான் போனேன். அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை. இப்போது எழுத்தைக் கண்டால் விடுவதே இல்லை. பஸ் போர்டு, சோப்பு உறை, மருந்து பாட்டில் எல்லாம் வாசித்துவிடுகிறேன். எழுதுவதுதான் மெதுவாக நடக்கிறது. ரப்பர் பால் வெட்டின கை அல்லவா, பேனாவையும் கத்தி மாதிரி அழுத்திப் பிடிக்கிறது.

கிளப் செயலாளர் ஷாஜி வந்து, கிளப் அச்சடிக்கிற போட்டி மலருக்குப் பினுவைப் பற்றி எழுதிக் கொடுங்க பாட்டா என்றான். ஊரே பார்த்ததை ஊருக்கு நான் என்ன எழுத? பார்க்காதவன் நீ ஒருத்தன்தான். நீ போய் மூன்று வருசம் ஆகிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன். மலரை வாங்குகிறவர்கள் எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

செய்தி இதுதான் ராசையா. உன் மகன் பந்தாட்டத்தை நிறுத்திவிட்டான்.

பதறாதே. முழுவதையும் சொல்கிறேன்.

இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நம் கிரவுண்டில்தான் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துப் போட்டி. வெளியூரில் டிபார்ட்மெண்ட் அணிக்கு ஆடினாலும், ஸ்டேட்டுக்கு ஆடினாலும், டிசம்பரில் பினு நம் ஊருக்கு ஆட வந்துவிடுவான் என்பது உனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில் நோட்டீஸ் எல்லாம் அடித்துவிட்டார்கள். போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவன் போனில் ஒரு வீடியோ போட்டான். இனி எந்த அணிக்கும் ஆடப்போவதில்லை, நம் ஊர்ப் போட்டியின் முதல் நாளில் மட்டும் கொஞ்ச நேரம் இறங்கி எல்லோரிடமும் விடை வாங்கிக்கொள்கிறேன் என்றான். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை.

ஊர் என்ன பாடு பட்டது தெரியுமா? மணியன் டீக்கடையில் காலையில் இருந்தே சண்டை. இன்னும் ரெண்டு வருசம் ஆடுவான் என்று ஒருத்தன். பெரிய ஆளாகிவிட்டான், நம் சேற்றில் இறங்க மனசில்லை என்று இன்னொருத்தன். ஒரு பையன் பெஞ்சில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தான். உன் மகன் கப்பு வாங்கின படத்தை மணியன் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தான் அல்லவா? அதைக் கழற்றி அரிசிச் சாக்குக்குப் பின்னால் வைத்துவிட்டான்.

"சொந்த ஊருல கப்பு இருக்கும்போ போறவனுக்க படம் எனக்க கடையில வேண்டாம்" என்றான்.

"எடே மணியா, அவனுக்கும் ஒரு காரணம் இருக்கும்லா?" என்றேன்.

"நீரு அவனுக்க மாமன். அப்பிடித்தான் சொல்லுவீரு. காப்பி குடிச்சாச்சுன்னா எந்திரியும்."

நான் எழுந்து வந்துவிட்டேன். காரணம் எனக்குத் தெரியும். பினு எனக்கு மட்டும் போனில் சொல்லியிருந்தான். வலது முழங்கால், ராசையா. உன் கால் போன அதே பக்கம். இன்னும் ஒரு சீசன் ஆடினால் அப்புறம் படி ஏறுவதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் சொல்லட்டுமா மக்கா என்று கேட்டேன். "வேண்டாம் மாமா. சொன்னா பாவம்னு கையடிப்பாவ. அந்தக் கையடி எனக்கு வேண்டாம்" என்றான்.

அன்றைக்கு உன்னைத்தான் நினைத்தேன். உன் காலத்தில் நம் ஊருக்கு நடுக்களம் நீதானே? மழையில் வழுக்கி முழங்கால் திரும்பின பிறகும், ராசையா இறங்கு, இறங்கு என்று கத்தினார்கள். வீங்கின காலோடு மறுபடி இறங்கினாய். பள்ளிக்கூடத்து பெஞ்சில் கிடத்தித்தான் உன்னை வெளியே தூக்கி வந்தோம். அதற்குப் பிறகு உன் ஆயுசு முழுக்க அந்தக் காலை இழுத்துக்கொண்டே ரப்பர் தோட்டத்தில் மரம் மரமாகப் போனாய். கத்தினவர்கள் யாராவது ஒரு மரத்திலாவது உனக்காகப் பால் வெட்டித் தந்தார்களா?

ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துச் சொன்னது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. "அத்தான், அவனையும் தூக்கிட்டு வரப்பிடாது. அவனா நடந்து வரணும். பாத்துக்கிடுங்க" என்றாய். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் ஊர் முழுக்கக் கோபத்தில் இருக்கும்போது, முதல் நாள் அவன் இறங்கினால் யாராவது கேலியாகக் கூவிவிடுவார்களோ, அந்த ரோசத்தில் முழுப் போட்டியும் ஆடிவிடுவானோ என்றுதான் எனக்குப் பயம். அவன் உன் ரத்தம் அல்லவா?

இப்போது ஷாஜி செய்த வேலையைக் கேள். கோபம் இருந்தாலும் பினு அண்ணனுக்கு ஒரு ஃபிளக்ஸ்கூட வைக்கவில்லை என்றால் கிளப்புக்கு மானக்கேடு என்று நினைத்திருக்கிறான். தக்கலையில் உள்ள கடைக்குப் போனில் சொன்னான். எந்தப் படம் என்று கேட்டிருக்கிறார்கள். பினுவின் கல்யாணத்தில் எடுத்த கோட்டு சூட்டுப் படத்தை அனுப்பினான். கலரா, கருப்பு வெள்ளையா? கருப்பு வெள்ளைதான் கெத்து. சுற்றிலும் பூ வேண்டுமா? நிறைய போடு. காலையில் அதைக் கொண்டுவந்து ஜங்ஷனில் கட்டிவிட்டு, கோல் போஸ்டுக்குப் பெயிண்ட் வாங்க மார்த்தாண்டம் போய்விட்டான்.

நம் பக்கத்தில் கருப்பு வெள்ளையில் கோட்டுப் போட்ட படம், சுற்றிலும் பூ என்றால் அது எதற்கு வைக்கிற ஃபிளக்ஸ்? சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. கீழே எழுதியிருப்பதையாவது பார்த்திருப்பார்கள். அதற்கும் வழி இல்லாமல் போயிற்று. வாழைக்குலை ஏற்றின டெம்போ ஒன்று அதற்கு முன்னால் வந்து நின்றது. எழுத்து முழுவதையும் குலை மறைத்துவிட்டது. மேலே உன் மகன் முகம் மட்டும் பூவுக்கு நடுவில் பாவம்போல் சிரித்துக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்தவன் கோயிலில் மணியடிக்கிற ஞானப்பழம். அவன் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐயோ பினு என்று ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டான்.

நான் அப்போது முற்றத்தில் உட்கார்ந்து முந்தின நாள் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். விட்டு விட்டு ஒவ்வொரு மணியாக விழுந்தது. துக்க மணி. யாருக்கு என்று வாசலில் போன பெண்ணிடம் ரோஸ்லி கேட்டாள். உன் தம்பி மவனுக்காம் என்றாள் அவள். ரோஸ்லி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் செருப்புகூடப் போடாமல் ஜங்ஷனுக்கு ஓடினேன். இந்த வயசில் ஓடினேன் என்றால் நீ நம்புவாயா?

படத்தைப் பார்த்ததும் என் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் எழுத்தைப் பார்க்காமல் வர மனசு கேட்கவில்லை. எப்போது, எங்கே, எப்படி என்று அதில் இருக்குமே. டெம்போவுக்கும் ஃபிளக்ஸுக்கும் நடுவில் நுழைந்தேன். குலையின் கறை சட்டையெல்லாம் ஒட்டியது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். கால்பந்து ஆட்டத்திலிருந்து விடைபெறும் எங்கள் பினு அண்ணனை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.

இரண்டாம் தடவையும் வாசித்தேன். எழுத்து படித்து நான் வாசித்ததிலேயே நல்ல வரி இதுதான் ராசையா. நீ இருந்திருந்தால் அந்த இடத்தில் என்னைக் கட்டிப் பிடித்திருப்பாய். நீ இல்லாததால் ஒரு வாழைக்குலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். டெம்போக்காரன், பாட்டாவுக்கு என்னமோ ஆகிப்போச்சு என்று பார்த்தான்.

அப்புறம்தான் லீலாவின் நினைப்பு வந்தது. உன் பெண்டாட்டியின் நெஞ்சு ஏற்கெனவே பலவீனம். ஊர் அதற்குள் அங்கே போயிருக்குமே. மறுபடியும் ஓட்டம்.

போய்ப் பார்த்தால் முற்றம் நிறைய ஆள். பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு விம்முகிறார்கள். யாரோ அதற்குள் நாற்காலி இறக்கிவிட்டார்கள். தார்ப்பாய் கட்டக் கயிறு தேடுகிறார்கள். மணியன் கடையை அடைத்துவிட்டு வந்து மாமரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுகிறான். சாக்குக்குப் பின்னால் ஒளித்த படம் அவன் கையில் இருக்கிறது. நடுவில் லீலா, கையில் கரண்டியோடு, முகத்தில் ஒரு கலக்கமும் இல்லாமல் நிற்கிறாள்.

"எதுக்கு எல்லாரும் இப்பிடி அழுதிய? அவனும் எவ்வளவு நாளுதான் ஓடுவான்? எனக்கு இப்பதான் நிம்மதி" என்கிறாள்.

"பாவம், புத்தி கலங்கிட்டு" என்று ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

"கலங்காம? ஒத்த பிள்ளைல்லா."

"இருங்க, எல்லாரும் காப்பி குடிச்சுட்டுப் போங்க. மீன்குழம்பு இப்ப கொதிச்சிரும்" என்றாள் லீலா. அவ்வளவுதான், பெண்கள் எல்லோரும் இன்னும் சத்தமாக அழுதார்கள். நான் சொல்ல வாயைத் திறக்கிறேன், மூச்சு வாங்குகிறதே தவிரப் பேச்சு வரவில்லை. கையை ஆட்டினேன். என்னையும் பிடித்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்த நேரம் பின்பக்கத்தில் இருந்து பினு வந்தான். அதிகாலை பஸ்ஸில் ஊருக்கு வந்திருக்கிறான். இடுப்பில் துண்டு, காதில் சோப்பு நுரை. கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றான்.

மணியன்தான் முதலில் அசைந்தான். கிட்டே போய் அவன் தோளைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"லேய், நீ சாவலியா?"

"இல்ல அண்ணா. குளிச்சேன்."

ராசையா, அந்த முற்றத்தில் எழுந்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். அழுத கண்ணோடு சிரித்தார்கள். லீலாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மணியடித்துவிட்டு அங்கே வந்து நின்ற ஞானப்பழத்தைக் கையில் இருந்த கரண்டியோடு துரத்தினாள். நான் ஒருவழியாக மூச்சுப் பிடித்து, ஃபிளக்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லோருக்கும் சொன்னேன்.

பினு சிரிக்கவில்லை. மணியன் கையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட கோவமாத்தானே இருந்தீங்க?" என்று கேட்டான்.

"கோவம் இப்பவும் இருக்கு. அதுக்கு நீ செத்துப் போவணும்னா சொன்னேன்?" என்றான் மணியன். மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் பினு வாயைத் திறந்தான். துண்டுக்குக் கீழே முழங்காலைத் தொட்டுக் காட்டி, டாக்டர் சொன்னதை எல்லோருக்கும் சொன்னான். பாவம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. மணியன் மட்டும், "இதை மொதல்லயே சொன்னா நாங்க என்ன ஒன்னைத் தின்னுருவோமா?" என்றான். வந்தவர்கள் எல்லோரும் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்கள். நாற்காலியைத் திருப்பி அனுப்ப வேண்டாம், கிரவுண்டுக்கு ஆகும் என்று யாரோ சொன்னார்கள்.

முதல் நாள் ஆட்டம் எப்படி என்று கேட்கிறாயா? திருவட்டாறில் இருந்தும் ஆள் வந்தது, சிதறால் பக்கத்தில் இருந்தும் வந்தது. உட்கார இடம் இல்லை, மதிலில் எல்லாம் தலை. பினு இறங்கியதும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் கோதையாற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம்தான் ஆடினான். அதற்குள் ஒரு பந்து கொடுத்தான் பார். இரண்டு பேர் அவனை மறித்து நிற்கிறார்கள். அவன் பார்ப்பதோ வேறு எங்கோ. அவர்கள் காலுக்கு நடுவில், நூல் கோத்த மாதிரி பந்து போய், அந்தப் பக்கம் ஓடி வந்த பையன் காலடியில் நின்றது. அவன் செய்ததெல்லாம் வலைக்குள் தள்ளியதுதான். நாளைக்குப் பேப்பரில் அந்தப் பையன் பெயர்தான் வரும் என்றான் பக்கத்தில் இருந்தவன். வந்துவிட்டுப் போகட்டும். பந்து யார் காலில் இருந்து போனது என்று எங்களுக்குத் தெரியாதா?

அதோடு நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்கினான், போதும் என்று. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எங்கேயாவது ஒரு குரல் எழும்பும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு குரலும் எழும்பவில்லை ராசையா. மணியனும் ஷாஜியும் இன்னும் பல பேரும் உள்ளே ஓடி, அவனைத் தோளில் தூக்கினார்கள். சந்தோசத்தில்தான் தூக்கினார்கள். ஆனாலும் எனக்கு நீ கிடந்த பெஞ்சுதான் நினைவுக்கு வந்தது.

அவன் குனிந்து மணியன் தலையில் கை வைத்தான். "மணியண்ணா, எறக்கி விடுங்க. நடக்கதுக்குத்தானே நிப்பாட்டுனேன்" என்றான்.

இறக்கி விட்டார்கள். வழி விட்டு ஒதுங்கினார்கள். நடுக்களத்தில் இருந்து கோடு வரைக்கும் உன் மகன் தனியாக நடந்தான். அவசரப்படவில்லை. நொண்டவில்லை. வலது காலையும் இடது காலையும் ஒரேபோல எடுத்து வைத்து நடந்தான். கோட்டைத் தாண்டி வந்து, லீலா முன்னால் நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைத்தான் பார்த்தாள். நானும்தான்.

இத்தனை வருசத்தில் உன் மகன் வாங்கின கப்பெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பெருமை அந்த நடைதான். உனக்கும் அப்படித்தானே இருக்கும்?

அடுத்த மாதத்தில் இருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுக்கப் போகிறான். வெளியே நின்று விசில் ஊதுவதுதான் வேலை என்று சொல்லியிருக்கிறான். ஆனாலும் ஆசை யாரை விட்டது? அடுத்த டிசம்பரில் ஒரு ஆள் குறைகிறது, ஒரே ஒரு ஆட்டம் என்று யாராவது பூட்ஸை நீட்டினால் நான் குறுக்கே நிற்பேன். அவனே கேட்டாலும் விடமாட்டேன். என் காலில் பலம் இருக்கிற வரைக்கும் உன் மகன் காலுக்கு நான் காவல். இதை என் கையாலேயே எழுதித் தருகிறேன், நீ வைத்துக்கொள்.

உன் அக்காவின் வீட்டுக்காரன்,
உன் மகனுக்கு மாமன்,
பொன்னையன்